ஊற்றாமல் விட்ட ஆயில்

நாளைக்குக் கல்யாணம் என்பதால் மத்தியானமே முகச்சவரம் செய்துகொண்டேன், சாமி. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து கடைசி ஆளாக வந்து முழந்தாளிட்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அவசரம் இல்லாமல் சொல்லலாம்.

குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்கள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் கார் பட்டறை வைத்திருக்கும் சந்தியாகு. ஹில்டாவைக் கட்டப்போகிறவன். எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றையும் ஹில்டாவின் ஊர்க் கோயிலான இங்கே நீங்கள்தான் வாசித்தீர்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றீர்கள். யாரும் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை நானாவது சொல்ல வேண்டாமா? பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பீடத்தின் முன் நிற்கும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

போன வருஷமும் இப்படித்தான், சாம்பல் புதனுக்கு முந்தின நாள், இதே ஹில்டாவின் கல்யாணத்துக்காகப் பூசை உடுப்போடு காத்திருந்தீர்கள். மாப்பிள்ளை பாஸ்கல் வந்து சேரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த பாவம்.

பாஸ்கல் என் கூட்டாளி. அவன் தோணிகள் வைத்திருந்த பெரிய வீட்டுப் பிள்ளை. நான் அந்தத் தோணிகளுக்குப் பாய் தைத்தவரின் மகன். அவன் ஒருநாளும் அந்த வித்தியாசம் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு துரையிடம் அவன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேல்கூரையை மடக்கிவிடலாம். கல்யாணத்துக்கு அதில்தான் போவேன், நானேதான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஹில்டா எனக்குத் தூரத்து மாமா மகள். முறை இருந்தது. அவளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாஸ்கல் வீட்டிலிருந்து பெண் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாளாம். அந்தச் சிரிப்பைப் பற்றி என்னிடம் வந்து சொன்னவனும் பாஸ்கல்தான்.

நான் நினைத்தது ரொம்பச் சின்ன விஷயம், சாமி. தவக்காலத்தில் நம் கோயிலில் கல்யாணம் கிடையாது. செவ்வாய்க்கிழமை பூசைக்கு மாப்பிள்ளை வந்து சேராவிட்டால், மறுநாள் சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும். பிறகு ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாற்பது நாள் கிடைத்தால் மாமாவிடம் பேசலாம், ஹில்டாவிடமும் பேசலாம் என்று பட்டது. அதற்கு ஒரு காரை நடுவழியில் நிறுத்தினால் போதும். மனுஷனை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவனே காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"ஏலே சந்தியாகு, பின்னால உள்ள ஆயில தொர மாத்தவே இல்லையாம். கொளும்புல இருந்து தோணிக்காரன் ஒரு டின்னு கொண்டாந்து குடுத்தான். நாளைக்கு என் மானம் ஒன் கையிலதான் இருக்கு" என்றான்.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அடியில், பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி உண்டு. டிபரன்ஷியல் என்போம். எஞ்சினின் வேகத்தைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பற்சக்கரங்கள் அதற்குள் கெட்டி ஆயிலில் முங்கி ஓடும். ஆயில் மாற்றுவதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் ஊற்றுகிற திருகை முதலில் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அது கழன்ற பிறகே அடியில் வடிக்கிற திருகைத் தொடலாம். மாற்றிச் செய்து, மேலே உள்ளது இறுகிக்கொண்டால், பழையது வடிந்துபோயிருக்கும், புதியதை ஊற்ற வழியிருக்காது. நான் அந்த ஒழுங்கைத் தவறவிடவில்லை. இரண்டு திருகும் நன்றாகவே கழன்றன. பழைய ஆயில் தார் போல வடிந்தது. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி, சக்கரங்களைக் கையால் சுற்றிச் சுற்றி, பற்களில் ஒரு பிசுக்கும் இல்லாமல் அலசினேன். அத்தனை சுத்தமாக நான் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. அலசியதையும் வடித்துவிட்டுத் திருகுகளை இறுக்கினேன். டின்னைத் திறக்கவில்லை. அந்த ஆயிலை வீணாக்கவும் இல்லை. பிற்பாடு ஓர் உப்பு லாரிக்கு ஊற்றினேன்.

ஆயில் இல்லாத பற்சக்கரம் முதலில் கத்தும். அப்புறம் கொதிக்கும். கடைசியில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பின்சக்கரங்களை அப்படியே பூட்டிவிடும். கத்தும்போதே வண்டியை ஓரம் கட்டினால் ஆபத்தில்லை. எந்த மனுஷனும் ஓரம் கட்டுவான். இதை அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று காலையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். பாஸ்கல் கோட்டு போட்டுக்கொண்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தான். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். பக்கத்து இருக்கை எனக்காக இருந்தது. வயிற்றைக் கலக்குகிறது, பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"நீ இல்லாம நான் மட்டும் அங்கன போய் எப்படிலே எறங்குவேன்?" என்றான்.

பிறகு சமாதானமாகி, என் இடத்தில் மாலைப் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினான்.

இங்கே வருகிற வழியில், பழைய காயல் ஊரைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி சுழன்று பனையில் மோதியது. உப்பளத்து வேலைக்கு நடந்துபோன இசக்கித்தாய் என்ற பெண் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் சொன்னதை ஹில்டா இன்றுவரை மறக்கவில்லை.

"வண்டி பின்னாடி ஆடு கத்துத மாதிரி கத்திக்கிட்டே வந்துச்சு. நான் நிப்பாட்டுங்கன்னு கையக் காட்டுனேன். அவுக சிரிச்சிக்கிட்டே எனக்குக் கையாட்டிட்டுப் போயிட்டாக."

உடைந்த காரைப் பார்த்துக் காரணம் சொல்லப் போலீசார் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பழைய வண்டி, அதிக வேகம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அடக்கத்தில் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். "எம்புள்ளை கல்யாணத்துக்குன்னு பாடுபட்ட கையிய்யா இது" என்று அழுதார். அன்றைக்கு என்னைப் பூமி விழுங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு பாஸ்கலின் வீடு இருக்கும் தெருவில் நான் நடப்பதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன். எனக்கு வருத்தம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஹில்டா கறுப்பு உடுத்திக்கொண்டு வீட்டோடு கிடந்தாள். நான் போய் வந்துகொண்டிருந்தேன். மாமாவுக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். கூட்டாளிக்காக இவ்வளவு பார்க்கிறானே என்று ஊர் மெச்சியது. கடைசியில் ஹில்டாவைக் கட்டிக்கொள்கிறாயா என்று மாமாவே வாய்விட்டுக் கேட்டார். ஹில்டாவும் சரி என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

என்னிடம் அவள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நேற்றும் கேட்டாள்.

"அவ்வளவு சத்தம் கேட்டும் அவுக ஏன் நிப்பாட்டல? வண்டி வேலை தெரிஞ்சவுக நீங்க. ஒங்களுக்குமா தெரியல?"

தெரியவில்லை என்றேன். நாளைக்கு அவள் கழுத்தில் தாலி ஏறிய பிறகும் கேட்பாள், அப்போதும் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கும். அதனால் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அவன் காரைக் கிளப்பியதும் நான் கதவருகே குனிந்தேன்.

"ஏலே, புது ஆயிலு. பின்னால கத்தத்தான் செய்யும். பயந்துபோய் நிறுத்திராத. நிறுத்தினா பல்லு கெட்டுப்போவும். கோயில் வாசல் வரைக்கும் வேகத்தைக் கொறைக்காமப் போ" என்றேன்.

"நீ சொன்னா சரிலே" என்றான்.

இவ்வளவுதான், சாமி. ஆயில் ஊற்றாமல் விட்ட பாவத்துக்கு முழுமனதோடு வருந்துகிறேன். நீங்கள் என்ன அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன். அவனிடம் சொன்னதை வைத்து என்னைத் தப்பாக எடைபோட வேண்டாம். வண்டி வழியில் நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை.