இரும்பு இல்லை என்று எழுதியவர்

சமாதான காலத்தில் ஒருநாள், வவுனியா போகும் வழியில், இராணுவச் சோதனைச் சாவடி வரிசையில் நாற்பத்திரண்டாவது ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் முல்லைத்தீவு மீனவர் ஒருவரும் அவர் மனைவியும்.

“உடம்பில ஈயமெண்டா அந்தக் காந்த மெசின் இழுக்காதோ?” என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

“ஈயத்தை இழுக்காதாம். நீங்கள் பழைய பற்றரி உருக்கி வலைக்குக் குண்டு வாத்த புகை, மூளையை என்ன செய்ததெண்டு கொழும்பில படம் பிடிச்சுப் பாக்கப் போகினம். தோளுக்குள்ள கிடக்கிற இரும்பு ஷெல் துண்டைத்தான் இழுக்கும். ஆஸ்பத்திரி போமில எழுதினனீங்களோ?”

“உடம்பில இரும்பு இருக்கோ எண்டு கேட்டிருந்தது. இல்லை எண்டு போட்டிட்டன்.”

“ஐயோ, ஏன்?”

“பழக்கம். காயமெண்டாலே மறிச்சு வைச்சு இயக்கமோ எண்டு கேள்வி கேப்பாங்கள். எந்த ஆமிச் சென்றியில ஓம் எண்டனான்?”

மனைவி குரலைத் தாழ்த்தினார்.

“இஞ்சேருங்கோ. இஞ்ச கேட்டா இல்லை எண்டுங்கோ. ஆஸ்பத்திரியில ஓம் எண்டுங்கோ. மெசின் அறைக்குள்ள என்னை விடமாட்டினம்.”

“நானென்ன சின்னப்பிள்ளையோ?”

“நேற்று எங்கட வீட்டுப் படலை தெரியாமல் பக்கத்து வளவுக்குள்ள போனனீங்கள்.”

“இஞ்ச இல்லை, அங்க ஓம்” என்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான் எண்ணினேன். ஐந்து தடவை சொன்னார்; இரண்டு தடவை மாறிவிட்டது.

வரிசை நகர்ந்து, அவருக்கு முன்னால் இப்போது மூன்று பேர்தான் நின்றார்கள்.