தெருப்பக்கத்துக் கிளை

வெட்சிக்குப் புளித்த மோர் பிடிக்கும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கு அது தேவையில்லை என்பார்கள்; ஆனால் என் வீட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அந்த நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வாரம் ஒருமுறை வேரடியில் மோர். மாதம் ஒருமுறை ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு. பூத்து ஓய்ந்த கொத்தை இரண்டு கணு கீழே இறக்கி வெட்ட வேண்டும். பதினாறு ஆண்டுகளாக இதை ஒரு வாரம் தவறியதில்லை. காவல் ஆய்வாளர் அவர்களே, நீங்கள் கேட்டது இதுவன்று என்பதை அறிவேன். செடியைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

என் பெயர் முத்துராமன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தனியாக வாழ்கிறேன். ஊரார் இட்லிப்பூ என்று சொல்லும் செடியை நான் வெட்சி என்றே சொல்வேன். பழம்பாடல்களில் அது முருகனுக்கு உரிய பூ. கிருத்திகைதோறும் நானே பறித்து, நானே தொடுத்த மாலையோடு விராலிமலை ஏறுவேன். அடிவாரத்துப் பூக்கடைகளில் அதற்கு 'வாத்தியார் மாலை' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. பக்தி என்று நான் எண்ணியிருந்ததில் அந்தப் பெருமையின் பங்கு எவ்வளவு என்பதை இந்தப் பதினொரு நாட்களில்தான் பிரித்துப் பார்த்தேன்.

பூசைக்குரிய பூவை நான் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. வண்டு வாய்வைத்தால் குற்றமில்லை. மனிதர் மூச்சுப் பட்டாலே அது எச்சில். இது என் வீட்டு வழக்கம். அதை யார்மீதும் திணிக்கவில்லை என்றுதான் நேற்றுவரை சொல்லியிருப்பேன்.

எதிர்வீட்டில் வனிதா இருக்கிறாள். கணவர் அருண்குமார் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். அவள் ஒருத்தியாகவே கத்திரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மகளையும் வளர்த்தாள். மகள் பெயர் பிரகதீஸ்வரி. பிரகதி என்று கூப்பிடுவார்கள். ஆறு வயது.

ஆடிக் கிருத்திகையன்று அடிவாரத்தில் பூ விற்கும் செங்கமலம் என் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியாரய்யா, பாதிப் பூவுக்கு நடு நரம்பையே காணோம்?"

நான் குனிந்து பார்த்தேன். வெட்சிப் பூவின் நடுவே மெல்லிய சிவந்த நரம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பல பூக்களில் அது இல்லை.

"இது தேன் குடிச்ச பூவுய்யா. எதோ வாண்டு நரம்பை உருவி உறிஞ்சிப்புட்டு, தெரியாம இருக்கப் பூவ மறுபடி கொத்துல சொருகி வச்சிருக்கு. முருகனுக்கு எச்சிப் பூவையா கொண்டாந்திருக்கீங்க?"

பக்கத்துக் கடைக்காரர் விட்டுவைக்கவில்லை. "வாண்டு என்னக்கா வாண்டு, வாத்தியாரே குடிச்சிருப்பாரு. வயசாச்சுன்னா நாக்கு தேன் கேக்கும்ல."

நான்கு கடையும் சிரித்தது. மாலையை அங்கேயே ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, மலை ஏறாமல் திரும்பினேன். பதினாறு ஆண்டுகளில் அது முதல்முறை.

மறுநாள் காலையில் பிரகதி தெருப்பக்கத்துக் கிளையருகே நின்றிருந்தாள். செடியின் அந்தக் கிளை வேலியைத் தாண்டித் தெருவுக்குச் சாய்ந்திருந்தது. அவள் கைக்கு எட்டும் உயரம்.

"எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"தெனமுந்தான் தாத்தா. ஆனா பூவக் கீழ போடமாட்டேன். அது எடத்துலயே வச்சுருவேன்."

"முருகனுக்குப் போகிற பூவையுமா?"

"அவருக்குத்தான் இட்லி வச்சிருக்கேன்ல. சட்னிய மட்டும் நான் சாப்புட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. வேறொருவராக இருந்தால் அந்த விடையை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பார். சுவைத்துப் பார்த்து அன்போடு படைத்ததையும் இறைவன் ஏற்றுக்கொள்வான் என்று நான் எத்தனையோ மேடைகளில் நெக்குருகிப் பேசியிருக்கிறேன். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பூக்கடைச் சிரிப்புதான் காதில் இருந்தது.

வனிதாவிடம் சொன்னேன். அவள் மகளின் முதுகில் லேசாக ஒன்று வைத்தாள். "சாரு சாமிக்கு வளக்குறாரு, அங்கிட்டுப் போவாதடி" என்றாள். பிறகு என்னிடம், "சின்னப்புள்ள சார், சொன்னா ரெண்டு நாளைக்கு இருக்கும். அந்தக் கிளைய வேணா வெட்டி விட்டுருங்களேன்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்தக் கிளையைக் கழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆவணிக் கிருத்திகைக்கு அதில்தான் மொட்டு அதிகமாகத் திரண்டிருந்தது. மொட்டோடு கிளை கழிப்பது பாவம் என்று வைத்துக்கொண்டேன். முள் கட்டினேன். குழந்தை முள்ளை விலக்கிக் கையை நுழைக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த மாதம் செடியில் மாவுப்பூச்சி கண்டது. இது உண்மை. வெள்ளைப் பஞ்சுபோல் இலைக்கணுவில் ஒட்டியிருக்கும், எறும்பு ஏறும். உரக்கடை நாகராசுவைக் கேட்டால் நான் வந்ததைச் சொல்வார்.

"பூச்செடிக்கு இம்புட்டு வேகமான மருந்து எதுக்கு சார்? சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெயக் கலந்து அடிங்க, ஓடிப்போயிரும்" என்றார்.

"அடித்துப் பார்த்தாயிற்று" என்றேன். அடித்துப் பார்க்கவில்லை.

"அப்பச் சரி. புள்ளைக பொழங்குற எடத்துல வைக்காதீங்க. நாக்குல ஒரு சொட்டுப் பட்டாலும் பெரிய ஆளையே சாச்சுரும். வனிதா அக்காவும் கத்திரிக்கு இதைத்தான் வாங்கிட்டுப் போச்சு, அதுக்கும் இதேதான் சொல்லிவிட்டேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். கத்திரிக்கு அடிப்பதும் மருந்து. காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து. வாழ்க்கை வெறுத்தவர் குடிப்பதும் மருந்து. சொற்களோடு ஐம்பது ஆண்டு பழகியவன் அந்த ஒரு சொல்லின் பின்னே போய் ஒளிந்துகொண்டேன். செடிக்கு மருந்து அடித்தேன் என்று சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு குற்றமும் ஒலிப்பதில்லை.

கிருத்திகைக்கு முந்தைய நாள், பொழுது சாயும் நேரத்தில் அடித்தேன். அந்த நேரத்தில் வனிதாவும் தன் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தாள்; வரப்பில் அவளைப் பார்த்தேன். கொத்துக் கொத்தாக, பூவின் வாய் நனையும்படி அடித்தேன். ஒரு வாந்தி வரும், வயிறு வலிக்கும், பிறகு அந்தப் பக்கம் வரமாட்டாள் என்று எண்ணினேன். நாகராசு சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். விழுந்தது. விழுந்த பிறகும் ஒரு வாந்தி என்றே எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாலையோடு மலைக்குப் புறப்பட்டுவிட்டேன். அன்று செங்கமலம் கூடையைக் கிளறிப் பார்த்து, "இன்னைக்கு நரம்பெல்லாம் இருக்கு வாத்தியாரய்யா" என்றாள். மாலை சாத்தப்பட்டது. கண்மூடி நின்று, எனக்குத் தெரிந்த பாடல்களை எல்லாம் பாடினேன். இறங்கி வந்து பேருந்தைவிட்டு இறங்கியபோது தெருவே எதிர்வீட்டு வாசலில் நின்றது. ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பள்ளிச் சீருடையோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். நண்பகலுக்குள் முடிந்துவிட்டது.

என் வேலியோரம் தெருமண்ணில் சிவந்த நரம்புகள் உதிர்ந்து கிடந்தன. பூக்களை மட்டும் அவள் சொன்னபடி, அவற்றின் இடத்திலேயே சொருகியிருந்தாள். நரம்புகளை நான் எண்ணவில்லை. செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

விவசாய மருந்து உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னதும், எல்லாருடைய கண்ணும் வனிதாவின் மேல் திரும்பியது. புட்டி அவள் வீட்டில் இருந்தது. முதல்நாள் மருந்து அடித்துவிட்டு வந்து, சோறு பிசைந்து மகளுக்கு ஊட்டியதும் அவள்தான். பிறர் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"கைய கழுவுனேனா இல்லையான்னு ஞாபகமே வரலையே சார். கழுவுன மாரியும் இருக்கு, கழுவாத மாரியும் இருக்கு. இந்தக் கையாலதானே உருட்டி உருட்டிக் குடுத்தேன்."

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் ஊரில் படித்தவன். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். "சில நேரம் மறந்துதான் போகும் அம்மா" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். செடியில் அடித்ததைவிட இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு நா கூசுகிறது.

அடக்கத்தின்போது ஒரு பதிகம் பாடச் சொல்லி என்னையே கேட்டார்கள். பாடினேன். குரல் நடுங்கவில்லை, நன்றாகப் பாடியதாகக்கூடச் சிலர் சொன்னார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் அடியில் மூச்சு எங்கே நிறுத்துவது என்று நினைத்தேன் என்பதும் உண்மை.

அன்று மாலையே தெருப்பக்கத்துக் கிளையைக் கழித்தேன். கிணற்றடியில் புதைத்திருக்கிறேன், மோட்டார் அறையில் மிச்சப் புட்டி இருக்கிறது. பத்து நாட்கள் வனிதா தன் கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தோல் உரிந்து சிவந்து போனது. நேற்று அவள் மாமியார் எழுதிக் கொடுத்த புகாரின் பேரில் அவளை இங்கே அழைத்து வந்தீர்கள். ஜீப்பில் ஏறும்போது என் வேலியைப் பார்த்து, "சார், செடி மொட்டையா நிக்கிதே, தண்ணி ஊத்தலையா?" என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவளை அனுப்பிவிடுங்கள். அவள் கைகள் சுத்தமானவை என்பதை, முடிந்தால், நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்புவாள். அந்த நம்பிக்கையை இனி என்னால் தாங்க முடியாது.

வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் உண்டு. இதுவரை நான் சொன்னதைக் கேட்டவர்கள், கிழவன் பூச்சிக்கு அடித்தான், குழந்தையை மிரட்டவும் அடித்தான், விளைவை நினைக்கவில்லை என்று எனக்காகச் சொல்ல இடமிருக்கிறது. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லி வந்தேன். பூச்சி இருந்தது கிணற்றுப் பக்கத்துக் கிளையில். அதை நான் தொடவே இல்லை. மருந்து அடித்தது தெருப்பக்கத்துக் கிளையில் மட்டும். அடிப்பதற்கு முன், கிணற்றுப் பக்கத்துப் பூக்களை எல்லாம் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மறுநாள் முருகனுக்காகப் பானைக்குள் பத்திரப்படுத்தினேன். பறிக்கும்போது, இவை எச்சில் படாத பூக்கள் என்று மனநிறைவோடு நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.