குளத்தின் அடியில் ஒரு பிளாஸ்திரி

எனக்கு நீந்தத் தெரியாது ஐயா. விளையாட்டு வளாகத்தின் நிர்வாகி, நீச்சல் குளம் முழுக்க என் பொறுப்பு; ஆனாலும் கணுக்காலுக்கு மேல் நனைந்தவனில்லை. எல்லாரும் பயம் என்று கேலி செய்வார்கள். பயமில்லை, அருவருப்பு.

நீங்கள் மேலிருந்து நீலத்தைப் பார்க்கிறவர்கள். நான் பம்பு அறையில் வடிகட்டிக் கூடையைத் திறக்கிறவன். முடி, உரிந்த தோல், சளி, யாரோ கடித்துத் துப்பிய நகம், எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று ஏதோ பிராணி போலப் படுத்திருக்கும். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அதுவும் கூடையாகத்தான் தெரியும். "பேசாம மனுஷங்க இறங்காத குளமா பார்த்து வேலைக்குப் போங்களேன்" என்பாள் என் மனைவி.

குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளை ஒன்று உண்டு. அதன் சல்லடை மூடியில் முடி சுற்றிக்கொண்டு ஆடும், மேலிருந்தே தெரியும். எனக்குக் குமட்டும். துப்புரவுக்கு வந்தவரிடம் சொல்லி மூடியைக் கழற்ற வைத்தேன். அதன்பின் குளம் கண்ணாடி.

உயிர்காப்பாளர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "மூடிய மாட்டிடுங்க சார். கையோ முடியோ சிக்குச்சுன்னா, பம்ப நிறுத்துற வரைக்கும் விடாது" என்றார். அவ்வளவு ஆழத்துக்கு யாரண்ணே போகிறார்கள் என்றேன். சொன்னபோது நம்பித்தான் சொன்னேன்.

நீச்சல் சொல்லித்தரும் டீச்சரை எனக்குப் பிடிக்கும். "உங்க தண்ணியில முகம் பார்த்துத் தலை வாரிக்கலாம் சார்" என்பார். இரண்டு நாள் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். என் உழைப்பை வேறு யார் கவனித்தார்கள்?

அன்று வகுப்பு முடிந்து, தொப்பியைக் கழற்றி, தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். அடியில் ஒரு பிளாஸ்திரி கிடந்தது. யாருடைய புண்ணில் இருந்ததோ. துளையின் விளிம்பில் ஒட்டி, உள்ளே போகாமல் ஆடிக்கொண்டிருந்தது. என்னால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. எடுத்துத் தருவீர்களா டீச்சர் என்று கேட்டேன்.

"இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்களே" என்று சிரித்துவிட்டு, அப்படியே குதித்தார்.

அவர் மேலே வரவில்லை. அண்ணன் பாய்ந்தார், இழுத்தார், தலையை வெளியே நீட்டி, "பம்ப நிறுத்துங்க சார்" என்றார். ஓடினேன். அதில் குறை சொல்ல முடியாது.

சுவிட்சில் கை வைத்தேன். பம்பைச் சட்டென்று நிறுத்தினால் குழாயில் இருக்கும் அழுக்கு திரும்பிக் குளத்துக்கே வரும். ஒருமுறை பார்த்திருக்கிறேன், கரும்புகை போலப் பரவியது. வருகிற அழுக்கு கடந்து போகட்டும் என்று நின்றேன். கூடையின் கண்ணாடி மூடிக்குள் நீளமாய்ப் புது முடிகள் வந்து சுருண்டன. யாருடையவை என்று தெரிந்தது. அண்ணன் மறுபடி கத்துவதும் கேட்டது. கூடை தெளியும்வரை நின்றேன், பிறகு நிறுத்தினேன்.

தண்ணீர் கலங்கவேயில்லை. கரையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

தூக்கிக் கிடத்தியபோது பிளாஸ்திரி அவர் கைக்குள்ளேயே இருந்தது. விரல்களைப் பிரித்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்த நிலையிலும் அதை விடவில்லை பாருங்கள். அவரும் என்னைப் போலத்தான் ஐயா, அசுத்தம் பொறுக்காதவர்.