ஒரே ஒரு கல்

திங்கள் காலை, ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு வெல்டர்கள். ஒருவர் திருவாரூர்ப் பக்கம், மற்றவர் யாழ்ப்பாணம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்து லீவுல ஓமனுக்குப் போற தண்ணிய நிறுத்திட்டேன் தம்பி” என்றார் திருவாரூர்க்காரர்.

“என்னண்ணை சொல்லுறீங்கள்?”

“ஹத்தாவுக்குப் போயிருந்தோம். மழை பேஞ்சு ஓடையில கணுக்கால் அளவு தண்ணி. அது பார்டர் தாண்டி ஓமனுக்குத்தான் போவுதுன்னு வேன் டிரைவர் சொன்னான். அப்பதான் தோணுச்சு, ஆயுசுலயே மொத தடவையா நான் ஆத்துக்கு மேல்பக்கம் நிக்கிறேன்னு.”

“அதில என்ன இருக்கு? எங்கட ஊரில ஆறே இல்லை. எனக்கு விளங்கேல்லை.”

“கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும். மேல உள்ளவங்க எப்ப தொறப்பாங்கன்னு பாத்தே வருசா வருசம் எங்க பொழப்பு போவுது. அதான், கல்லை அடுக்கி அடைச்சுட்டேன்.”

“ஓமன்காரர் பேசாம விட்டவையே?”

“பத்து நிமிசம்தான். அதுக்கு மேல மனசு கேக்கல. அங்கயும் எவனாச்சும் பேரீச்சைக்குத் தண்ணி பாய்ச்ச நிப்பான்ல? கல்லையெல்லாம் எடுத்துட்டேன்.”

இறங்கும் இடம் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஏதோ நினைவு வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கல்லை மட்டும் விட்டு வச்சிருக்கேன்.”

“அது ஏன் அண்ணை?”

“அவங்களா வந்து கேக்கட்டும்.”