கீறல் விழுந்த டயல்

சுவிட்சர்லாந்தில், நொஷாட்டலிலிருந்து லா ஷோ-து-ஃபோனுக்குப் போகும் காலை ரயில். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் ஒரே செஃப்பின், அதாவது மேற்பார்வையாளரின், கீழ் வேலை செய்பவர்கள்.

"நோன்பு பிடிச்சுக்கொண்டு கோபப்படாதேங்கோ அக்கா" என்றாள் இளையவள். "பொறுமையா இருக்கச் சொல்லித்தானே உங்கட மார்க்கமும் சொல்லுது?"

முக்காடு போட்டிருந்தவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"பசியில கை நடுங்கி நான்தான் டயலைக் கீறினதாம். எல்லாருக்கும் முன்னால செஃப் சொல்றார். என்ட நோன்புல பழி போட்டா நான் கேக்காம விடுறதா?"

"கேட்டா வேலையால நிப்பாட்டிப் போடுவார் அக்கா. விடுங்கோ."

"வாயப் பொத்திக்கிட்டு இரிக்கிறதுக்குப் பேர் பொறுமை இல்ல, ஸபூர் இல்ல தங்கச்சி. கோவத்துல அநியாயமா ஒரு சொல்லும் விட்டுடாம நம்மள நாமளே புடிச்சு வெச்சிரிக்கிறதுதான் ஸபூர்."

இளையவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அப்ப நேற்று அவர் ஏசேக்க ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தது. மூத்தவள் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த டயல் இருந்த தட்டு உங்கட கையால விழுந்ததை நான் கண்டன். நீங்களே சொல்லுவீங்க எண்டு பொறுத்து நிண்டன்."

கைப்பைச் சத்தம் நின்றது.

"இண்டைக்கு நான் செஃப்ட அறைக்குப் போய்ச் சேரும்வரைக்கும் இன்னும் பொறுப்பன்."