கோல் கோட்டில் ஒரு கால்

அத்தான்: அந்த நாற்காலி வேணாம் மச்சான், கால் ஆடும். சோஃபாவுல உக்காரு.

மச்சான்: இருக்கட்டும் அத்தான். போன வருஷமும் இதுலதான் உக்காந்தேன்.

அக்கா: போன வருஷத்தை யாரும் இங்க இழுக்காதீங்க.

மச்சான்: நான் நாற்காலியைத்தான்க்கா சொன்னேன்.

அக்கா: உன்னையும் தெரியும், இவரையும் தெரியும். எவனோ ஒரு ஹாக்கி அம்பயருக்காக ஒரு வருஷம் மூஞ்சியில முழிக்காம இருந்தவங்க நீங்க. இன்னிக்கும் சத்தம் கேட்டுச்சுன்னா... இவருக்கு இந்த வீட்ல ஹாக்கி கிடையாது, உனக்கு இந்த வீடே கிடையாது.

அத்தான்: சத்தமா? நாங்களா? ... ஏன் மச்சான், ஸ்கோர் தெரியாதுல்ல?

மச்சான்: சத்தியமா தெரியாது. மத்தியானம் மேட்ச் நடக்கறப்ப போனை அணைச்சு கல்லாவுல போட்டுட்டேன். கடைக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணிக்க வந்தவர் ஹாக்கின்னு வாயெடுத்தாரு. கீழ் வரியைப் படிங்கன்னு அடக்கிட்டேன். நீங்க?

அத்தான்: நான் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸ் தடவிக்கிட்டு கிடந்தேன். அங்க சிக்னலாவது, ஸ்கோராவது. பதிவு பண்ணதைப் போட்டுடவா?

அக்கா: இதுல தோத்தா வெளியதானே?

அத்தான்: அரையிறுதிம்மா. வருஷா வருஷம் நம்மாளுங்க தடுக்கி விழற இடம்.

மச்சான்: நாமளும் கூடவே விழுவோம். ஹாக்கி மட்டையைக் கையில தொட்டதில்ல, விழறதுல மட்டும் முதல் ஆளு.

அத்தான்: ரூல் பேசறதுலயும்.

மச்சான்: அதை நான் சொல்ல வேணாம்னு பாத்தேன்.

...

அத்தான்: கடைசி கால் மணி நேரம். ஒரு கோல் பின்னாடி இருக்கோம். ஆனா பாரு, ரெண்டு பேரும் எவ்வளவு நல்ல பிள்ளைங்களா இருக்கோம்... தண்ணி எடுத்துட்டு வரவா?

மச்சான்: இப்ப எழுந்திரிக்காதீங்க அத்தான்.

அத்தான்: ஏன், இப்ப என்ன?

மச்சான்: ஒண்ணுமில்ல... ஆட்டம் சூடா இருக்கு.

அத்தான்: இவன் இடது பக்கம்தான் அடிப்பான் பாரு... அடிச்சானா?

மச்சான்: எப்படிச் சொன்னீங்க?

அத்தான்: அனுபவம்... கீப்பரைத் தாண்டிடுச்சு... போச்சு, பின்னாடி நிக்கறவன் கால்ல பட்டுருச்சு.

மச்சான்: கோல் கோட்டு மேலயே பட்டுச்சு. ஸ்ட்ரோக் அத்தான், ஸ்ட்ரோக்.

அத்தான்: இல்ல மச்சான், கார்னர்தான். அம்பயரும் கார்னர்னுதான் கை காட்டறாரு. சரியாத்தான் காட்டறாரு.

அக்கா: ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?

மச்சான்: ஸ்ட்ரோக்னா அடிக்கறவனும் கீப்பரும் மட்டும்தான்க்கா, நேருக்கு நேர். அனேகமா கோல்தான். கார்னர்னா தடுக்க இன்னும் நாலு பேர் ஓடி வருவான். கோலுக்குப் போற பந்தைக் காலால நிறுத்தினா ஸ்ட்ரோக் குடுக்கணும்.

அத்தான்: போற பந்தா இருந்தா. அது கம்பத்துல பட்டுத் திரும்பியிருக்கும்.

மச்சான்: எந்தக் கம்பம்? இதோ பந்து, கம்பம் இங்க இருக்கு...

அத்தான்: டிவியைத் தொடாத, கை படும்.

மச்சான்: வீடியோ பாத்துச் சொல்லுங்கன்னு ரெஃபரல் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அதை முதல் பாதியிலேயே வீணாக்கிட்டானுங்க... அத்தான், உங்களுக்காகத்தான் சொல்றேன், அது ஸ்ட்ரோக்.

அத்தான்: நானும் உனக்காகத்தான்டா சொல்றேன், அது கார்னர். கண்ணு இருக்கற எவனும்...

மச்சான்: முடிங்க. கண்ணாடி விக்கறவனுக்குக் கண்ணு தெரியலன்னு போன வருஷம் மாதிரியே முடிங்க.

அத்தான்: ஐயோ, நான் அதைச் சொல்ல வரல.

அக்கா: நிறுத்துங்க ரெண்டு பேரும். போன வருஷமும் இதே மாதிரி கால்தானே? அப்ப ஸ்ட்ரோக்னு குதிச்சது இவரு. கார்னர்னு பிடிவாதமா நின்னு, பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனது நீ. இன்னிக்கு எப்படி மாறிச்சு?

அத்தான்: அது வந்து... நான் தண்ணி எடுத்துட்டு வரேன்.

மச்சான்: நானும் வரேன் அத்தான்.

அக்கா: உக்காருங்க. இவ்வளவு நேரம் திறந்த வாய்தானே?

அத்தான்: இல்ல... வருஷம் முழுக்க மனசே சரியில்ல. ஒரு அம்பயருக்காக இவனை இழக்கறதான்னு. இந்தத் தடவை இவன் பேச்சையே நானும் பேசிடுவோம்னு... சாயங்காலம் ஷேவிங் பண்ணும்போது கண்ணாடியைப் பாத்து கார்னர், கார்னர்னு சொல்லிப் பழகினேன்.

மச்சான்: அத்தான்... நான் கடையில கண்ணு டெஸ்ட் எழுத்துப் பலகை முன்னாடி நின்னு ஸ்ட்ரோக்னு சொல்லிப் பழகினேன்.

அக்கா: அடக் கூறு கெட்டவங்களா, விட்டுக் குடுக்கறதுலயும் சண்டையா? சரி... இன்னிக்கும் கால்ல படும்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே எப்படித் தெரியும்?

மச்சான்: போன் கல்லாவுலதான்க்கா இருந்துச்சு... அணைக்கல.

அத்தான்: குழிக்குள்ள நிஜமாவே சிக்னல் இல்லம்மா. அதனால மேல ஏறி வந்து பாத்தேன். லிஃப்டுக்கு நின்னவங்களை எல்லாம் படியில ஏறச் சொல்லிட்டு.

அக்கா: அப்ப முடிவும் தெரியும்.

மச்சான்: தோத்துட்டோம்க்கா.

அத்தான்: அந்தக் கார்னரையும் கோட்டை விட்டானுங்க... ஏன் மச்சான், நான் உன்னை வரவழைக்கணும்னு தெரியாத மாதிரி நடிச்சேன். உனக்கு என்ன வந்துச்சு? தோத்த ஆட்டத்தை மறுபடி பாக்க இவ்வளவு தூரம் வண்டி ஏறி வந்திருக்க?

மச்சான்: தனியா தோத்துப் பாத்தேன் அத்தான். பக்கத்துல நீங்க உக்காந்து திட்டாம... அது தோத்த மாதிரியே இல்ல.