ஏஞ்சல் வரலையாம்

இல்லங்க, டீ வேணாம். காபியும் வேணாம். தண்ணி மட்டும் போதும். ரெயின்கோட்ட வெளியிலயே மாட்டிட்டேன், ஆனாலும் சுடிதார் பூரா ஈரம், உங்க சோஃபா பாழாயிடும். நான் நின்னுக்கறேன். ஸ்கூல்ல நாள் பூரா நின்னு பாடம் எடுத்துப் பழகிப்போச்சு. ஆமா, ஏஞ்சல் கீபோர்ட் கிளாஸ் போயிருப்பா, தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். அவ வர்றதுக்குள்ள கெளம்பிடறேன். நான் இங்க வந்தது ஃபிரெடிக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, சண்முகம் ரோடு போற வண்டிய அப்படியே முடிச்சூர் பக்கம் திருப்பிட்டேன். இந்தா பாருங்க, பை காலியாத்தான் இருக்கு.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். உங்கள நான் எப்படிக் கூப்புடறது? வழியெல்லாம் அதே யோசனை. புருஷனோட மொத சம்சாரத்தப் போய் அக்கான்னு கூப்புட்டா அதுக்கு வேற அர்த்தம் ஆயிடும். சிஸ்டர்னா ஞாயித்துக்கெழம சர்ச் வாசல்ல கை குடுக்கற மாதிரி இருக்கு. ஜெனியா? சரி, ஜெனி. நான் கெசியா. ஐயோ, அது உங்களுக்குத் தெரியாமயா. ஃபிரெடிய நான் கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஏஞ்சல உங்க கேட்டுல கொண்டாந்து விடறோம். நீங்க பால்கனியிலேருந்து கையாட்டுவீங்க, நான் கார்லேருந்து கையாட்டுவேன். அதுக்கு மேல நாம ஒரு வார்த்த பேசினதில்ல, இல்லியா?

விஷயம் இதான். பொங்கல் லீவுல கண்டிக்கோட்டா போறதா இருக்கே, ஏஞ்சல் சொன்னா இல்ல?

சொல்லலையா? அந்தப் பேரக்கூட சொல்லலையா?

அப்ப நீங்க அவளப் போக வேணாம்னு சொல்லல.

இருங்க, இருங்க, கோவப்படாதீங்க. எனக்குத் தெரியும் நீங்க சொல்லிருக்க மாட்டீங்கன்னு. அதனாலதான் வந்தேன். செவ்வாக்கெழம சாயந்தரம் அவங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணா. அம்மா விட மாட்டேங்கறாங்க, நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்கன்னா. அவ்ளோதான், வச்சிட்டா. ஃபிரெடிக்குக் கோவம் எப்படி வரும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஜெனி வேணும்னே பண்றா, லீவுல எங்கிட்ட இருக்கணும்னு கோர்ட்லயே சொல்லிருக்கு, வக்கீலக் கூப்புடறேன்னு அன்னிலேருந்து ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடக்கறாரு. இன்னிக்குக் காலையில உங்க நம்பரைக்கூட எடுத்துட்டாரு. நான்தான் ஃபோன வாங்கி வச்சேன். சாப்புட்டுட்டுப் பேசுங்கன்னேன். வேற என்ன சொல்றது? எனக்கு அதுக்கு மேல சொல்ல என்ன உரிமை இருக்கு?

அவ ஏன் பொய் சொன்னான்னு கேக்கறீங்களா? அதச் சொல்றேன். மொதல்ல அந்த எடத்தப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா நீங்க ஏதோ ஆபத்தான எடம்னு நெனச்சுக்குவீங்க. கடப்பா தாண்டிப் போணும். பெண்ணாறு இருக்குல்ல, அது அந்த எடத்துல மலையக் கேக் வெட்டின மாதிரி வெட்டிட்டுப் போவுது. ரெண்டு பக்கமும் செவப்புப் பாறை, அடுக்கடுக்கா, யாரோ கையால அடுக்கி வச்ச மாதிரி. கீழ பச்சையா ஆறு. மேல நின்னு பாத்துட்டு எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டுக் கெளம்பிடுவாங்களாம். நாங்க அப்படி இல்ல, ஊர்க்காரர் ஒருத்தரக் கூட்டிக்கிட்டு, பாறை வழியா எறங்கி, தண்ணிய ஒட்டியே ஒரு நாள் நடக்கறது. நடுவுல சாப்பாடு. சாயந்தரம் வேற வழியா மேல ஏறி வந்துடறது. இதான் பிளான்.

இத யாரு கண்டுபுடிச்சாங்கறீங்க? ஏஞ்சல்தான். அவதான் ஏதோ வீடியோ பாத்துட்டு, அப்பா நம்ம மூணு பேரும் போலாம்பான்னு ஆரம்பிச்சா. ஃபிரெடி இருக்காரே, வீட்லேருந்து திருமுடிவாக்கம் கம்பெனி, கம்பெனியிலேருந்து வீடு, இத விட்டா வேற எங்கயும் நகராத மனுஷன். அவரு புடிச்சாரு பாருங்க. கயிறு வாங்கினாரு. விசில் வாங்கினாரு, ஆளுக்கு ஒண்ணு. முதுகுப் பையில அரிசி மூட்டையப் போட்டுக்கிட்டு எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படிய ஏறி எறங்கறாரு, உடம்பு பழகணுமாம். வாட்ச்மேன் ஏசுபாதம் அண்ணன் கீழ நின்னுக்கிட்டு, சார், அரிசி எந்த வீட்டுக்குன்னு கேட்டுட்டாரு. ஏஞ்சல் அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சு சிரிச்சு விக்கல் வந்துடுச்சு அவளுக்கு. உங்களுக்குத் தெரியும்ல, அவ ரொம்ப சிரிச்சா விக்கல் வந்துடும்.

ம். தெரியாம இருக்குமா. நான் ஒரு பைத்தியம், உங்ககிட்டப் போய்ச் சொல்றேன்.

மழ விட்டுடுச்சா? இல்ல, இன்னும் தூறுது. உங்க தெருவுல தண்ணி நிக்க ஆரம்பிச்சுடுச்சுங்க, வரும்போது பாத்தேன். சைலன்சர்ல ஏறிடுமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். ஃபிரெடி அதத்தான் சொல்றாரு. ஜெனிக்கு ரெண்டாயிரத்து பதினஞ்சு வெள்ளத்துலேருந்து தண்ணின்னா பயம், ஆத்தப் பத்திக் கேட்டதும் வேணாம்னுட்டான்னு. கோவத்துல சொன்னாலும் அதச் சொல்லும்போது மட்டும் அவரு கொரல் எறங்கிடுது. நீங்களும் மூணு வயசுப் புள்ளையும் மொட்டை மாடியில, அவரு அப்ப இருந்த கிண்டி ஆஃபீஸ்ல மாட்டிக்கிட்டு, ஃபோனும் இல்ல, வரவும் வழி இல்ல. அத அவரு எங்கிட்ட ஒரே ஒரு தடவதான் சொல்லிருக்காரு. நானும் ரெண்டாவது தடவ கேக்கல.

ஏஞ்சலுக்கா? ஏதோ கொஞ்சம் ஞாபகம் இருக்கு போல. படகுல ஒரு நாய் வந்துச்சுன்னு சொல்வா. நாய் இல்லையா? ஆடா! ஐயோ, ஆட்டையா படகுல ஏத்துனாங்க? நல்ல கூத்துதான். எங்கிட்ட அது நாய்னு சத்தியம் பண்ணாளே.

சரி, நான் வளவளன்னு பேசறேன். நேராவே கேட்டுடறேன். உங்களுக்கு உண்மையிலயே தண்ணி பயம் இருந்தா சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஃபிரெடிகிட்ட நானே வேற ஏதாவது சொல்லி நிறுத்திடறேன். இல்ல, எனக்கொண்ணும் இல்லன்னா, அவகிட்ட நீங்களே ஒரு வார்த்த, போயிட்டு வாடின்னு...

அனுப்பறீங்களா?

நெசமாவா? இவ்ளோ சட்டுனு சொல்லுவீங்கன்னு நெனைக்கல. லைஃப் ஜாக்கெட்டா? இருக்கு, வாங்கிடறோம், கண்டிப்பா. தண்ணியில எறங்க விட மாட்டோம், ஓரமாத்தான் நடக்கறது. ஃபோன் எடுக்குமான்னு தெரியல அந்தப் பள்ளத்துல, ஆனா மேல ஏறினதும் மொத கால் உங்களுக்குத்தான். நைட் ஸ்வெட்டர் போட்டுக்க மாட்டேம்பா, நான் போட வச்சுடறேன். ரொம்ப தேங்க்ஸ் ஜெனி. நீங்க இன்னிக்கே ஃபிரெடிக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டீங்கன்னா, அந்த வக்கீல் கதையெல்லாம் அப்படியே அடங்கிடும்.

அப்ப நான் கெளம்பறேன். தண்ணிக்குத் தேங்க்ஸ். இந்த டம்ளர எங்க வைக்கறது? இங்கயே வச்சிடறேன்.

இது யாரு, போட்டோல? ஏஞ்சலா? மொட்டையோட! அழறாளே. நீங்களும் ஃபிரெடியும் இந்தப் பக்கம்... ம். நல்லா இருக்கு.

இல்ல, ஒண்ணுமில்ல. கெளம்பறேன். செருப்பு எங்க விட்டேன்... ஆ, இங்க இருக்கு.

ஜெனி, நீங்க கேட்டீங்கல்ல, அவ ஏன் பொய் சொன்னான்னு. ஒண்ணுமில்ல, பெரிய விஷயம் இல்ல, சொல்லிட்டே போயிடறேன். போன சனிக்கெழம பிராக்டிஸ்னு ஃபிரெடி எங்களத் திருநீர்மலை பக்கம் ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. மழ பெஞ்சு பாறையெல்லாம் பாசி. அவரு பாட்டுக்கு முன்னாடி வீடியோ எடுத்துக்கிட்டே போயிட்டாரு. நான் நடுவுல, ஏஞ்சல் எனக்குப் பின்னாடி. ஒரு எடத்துல கால் வழுக்கிடுச்சு அவளுக்கு. பள்ளம்லாம் இல்ல, பயப்படாதீங்க, சரிவுதான். முட்டி தேஞ்சுடுச்சு, அவ்ளோதான். பாத்தீங்களா காயத்த? ஸ்கூல்ல விழுந்தேன்னு சொன்னாளா? இல்லங்க. அங்கதான்.

விழும்போது அம்மான்னு கத்தினா. யாரு விழுந்தாலும் அப்படித்தானே கத்துவோம். எனக்கு இந்த வயசுல கால் கட்டில்ல இடிச்சாக்கூட வாயில அதான் வருது, எங்கம்மா போயே எத்தனையோ வருஷம் ஆச்சு. அவ என்னைக் கூப்புடல. எனக்கு நல்லாத் தெரியும். என்ன அவ மிஸ்னுதான் கூப்புடுவா. மிஸ் உப்பு, மிஸ் டவல், மிஸ் சார்ஜர் எங்கன்னு வீட்லயும் மிஸ்தான். சித்தின்னு கூப்புடச் சொல்லி ஃபிரெடி ஆரம்பத்துல ரொம்ப வற்புறுத்தினாரு. வேணாம், புள்ளைக்கு எது வருதோ அதுவே இருக்கட்டும்னு தடுத்தது நான்தான். எனக்கு அதுல ஒரு கொறையும் இருந்ததில்ல. சத்தியமா இருந்ததில்ல.

ஆனா அன்னிக்கு அவ கத்தினதும் நான் திரும்பி, அம்மா வந்துட்டேன்டி கண்ணு, புடிச்சுக்கோன்னுட்டேன்.

நான் யோசிச்சுச் சொல்லல ஜெனி. வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னப்புறம்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. அவளுக்கும் விழுந்துச்சு. முட்டியில ரத்தம் வருது, அதப் பாக்கல அவ, என் மூஞ்சியையே பாக்கறா. ஃபிரெடிக்கு ஒண்ணும் தெரியாது, அவரு தூரத்துல இருந்தாரு. அன்னிலேருந்து அவ எங்கிட்ட மிஸ்ஸுன்னும் சொல்றதில்ல, ஒண்ணும் சொல்றதில்ல. பேர் வைக்காமலே பேசறா. ஞாயித்துக்கெழம உங்க கேட்டுல எறங்கும்போது கூட திரும்பிப் பாக்கல. மறுநாளுக்கு மறுநாள்தான் அந்த ஃபோன் வந்துச்சு.

என்மேல கோவமா? தெரியல. நான் உங்க எடத்த எடுத்துக்கிட்டேன்னு நெனைக்கறாளா, இல்ல அவ உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டதா நெனச்சு உள்ளுக்குள்ள குமையறாளா? பதிமூணு வயசு, என்ன வேணா நெனைப்பா. எனக்கு இந்த ஒரு வாரமா ஒரு எடத்துல நிக்க முடியல. கிளாஸ்ல கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன், பாதியில மறந்துடறேன், பசங்க மிஸ், மிஸ்ஸுன்னு கூப்புடறாங்க. ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடுது.

அதான், இப்படிப் பண்ணலாம்னு தோணுது. நான் கண்டிக்கோட்டாவுக்கு வரல. ஸ்கூல்ல பொங்கல் லீவுலயும் டென்த் பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் போட்டுட்டாங்கன்னு சொல்லிடறேன். அப்பாவும் பொண்ணும் போயிட்டு வரட்டும். அவ ஆசப்பட்ட எடம், என்னால அவ அதப் பாக்காம இருக்கக் கூடாது. நீங்க அவகிட்ட நான் வந்தேன்னு சொல்லணும்னு இல்ல. உங்களுக்கு மட்டும் தெரியணும்னு தோணுச்சு. நாளைக்கே வேற யார் வாயாலயாவது கேட்டு நீங்க...

என்ன? என்ன கேட்டீங்க?

கையப் புடிச்சாளான்னா?

புடிச்சா. நான் அப்படிச் சொன்னப்புறம்தான் கைய நீட்டினா. ரெண்டு கையாலயும் புடிச்சா, நகம் பதியற மாதிரி. மேல ஏறி வந்தப்புறமும் விடல. கைய விடல ஜெனி, கார் கதவத் தொறக்கற வரைக்கும்.